கடுகண்ணாவையில் இறங்கியவன்

அம்மா செத்து மூன்று மணித்தியாலம்கூட ஆகவில்லை, அப்பா அடிமட்டம் கேட்டார்.

"பிள்ளை, அந்த மர அடிமட்டத்தை எடு. தாளும் ஒண்டு கொண்டுவா. கோடு போட்டது வேண்டாம், வெள்ளைத்தாள்."

பத்மாதேவி அம்மாவின் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டது காதில் விழாதது மாதிரி இருந்து பார்த்தாள். அப்பா இரண்டாம் முறையும் கேட்டார். அவர் குரலில் நடுக்கம் கிடையாது. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் பியோனிடம் கோப்புக் கேட்கிற அதே குரல்.

"நீங்க போங்க டீச்சரம்மா, தலைய நா பாத்துக்கிறேன்" என்று பாலம்மா சீப்பை வாங்கினாள். வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வீட்டுவேலைக்கென்று வந்து ஆறு வருடமாக இந்த வீட்டில் இருப்பவள். அழுது அழுது அவளுடைய முகம் வீங்கிப்போயிருந்தது. பெற்ற மகளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. கோபம் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

சோதிலிங்கம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தாளின் நான்கு பக்கமும் ஓரம் கீறினார். கண்டிக் கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்து இளைப்பாறிய மனுசன். ஓரம் விடாத விண்ணப்பத்தை ஆயுளில் வாசித்ததில்லை. குண்டசாலையில் யாருக்கு எது தெரியவேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். பென்சன் படிவம், தொலைந்த அடையாள அட்டை, நாயுண்ணிக்கு எந்த எண்ணெய், மாத்தளைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கும். யாராவது நேரத்தைப் பிழையாகச் சொன்னால் போகிற வழியில் நின்று திருத்திவிட்டுத்தான் போவார். ரெயில் நேரசூசியைக் கையால் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்திருந்தார். ஒட்டியது மற்றவர்களுக்காக. அவருக்கு மனப்பாடம்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த பெண்சாதி கேள்விக்கென்றே பிறந்தவள். சரோஜினிதேவிக்கு எதைப் பார்த்தாலும் ஒரு ஏன் வரும். பேராதனைப் பூங்காவின் வௌவால்கள் ஏன் அந்த ஒரு மரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன? நோன்புப் பிறையைக் கண்டேன் என்று முதலில் சொல்கிறவன் பொய் சொன்னால் என்ன செய்வார்கள்? பஸ்ஸில் ஏறினால் பிள்ளைகள் இரண்டு பேரோடும் ஒரு விளையாட்டு. "அந்த மனிசனைப் பாருங்கோ, ரெண்டு குடை கொண்டு போறார். ஏனாயிருக்கும்?" தம்பி ராசன் உடனே தொடங்குவான்: ஒன்று கோபித்துக்கொண்டு போன பெண்சாதிக்கு, இல்லை, ஒன்று குடை, மற்றது குடை மாதிரி இருக்கிற, சுடுகிற துவக்கு. முன் சீற்றிலிருந்து அப்பா திரும்பாமலே சொல்லுவார்: "ஒண்டு திருத்தக் குடுத்து வாங்கிக்கொண்டு போறார்." அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அத்தோடு விளையாட்டும் சரி. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு குண்டசாலை வரைக்கும் வருவார்கள்.

நேற்றுப் பின்னேரம் அம்மா கேட்டது கடைசிக் கேள்வி.

"இஞ்சேருங்கோ, நெஞ்சு அடைக்குது சரி, ஏன் இடக்கை மட்டும் நோகுது?"

"வாய்வு. இடப்பக்கம் சரிஞ்சு படுத்திருப்பீர். இஞ்சி இடிச்சுக் குடியும்."

"வாய்வு கைக்கும் வருமே? டொக்டரிட்டை ஒருக்காப் போய்ப் பாத்தால் என்ன?"

"போய்ப் பாக்க என்ன கிடக்கு? எனக்குத் தெரியும்."

பத்மா பக்கத்து அறையில் இருந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டது. எழும்பி வந்து இஞ்சி இடித்துக் கொடுத்தாள். "கேள்வி கேளாமல் குடிச்சிட்டுப் படுங்கோ அம்மா" என்றாள்.  காலையில் டொக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஹார்ட், நேற்றே காட்டியிருக்கலாம் என்றார். "ஹார்ட்டாயிருக்கும் எண்டு எனக்கும் ஒரு யோசினை இருந்தது" என்று அப்பா சொன்னார். அட கடவுளே! கையிலிருந்த செம்பை அவர்மேல் எறியாமல் விட்டது பத்மாவுக்கே அதிசயம்.

"இந்தா, வாசிச்சுப் பார். பிழை இராது. இருந்தாலும் பார்."

வானொலியில் வாசிப்பதற்கான மரண அறிவித்தல். யுத்தத்தால் யாழ்ப்பாணத்துப் பாதை மூடிக் கிடந்தது. கடிதம் போய்ச்சேர ஒரு மாதம், சிலவேளை போகாது. தொலைபேசி கிடையாது. சுழிபுரத்தில் இருக்கும் சித்திக்கு, தன் அக்கா செத்ததை அறிவிக்க வானொலியை விட்டால் வேறு வழியில்லை. அங்கே மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் மரண அறிவித்தல் கேட்கிறார்களாம். இதை முதலில் கேள்விப்பட்டபோது அம்மா ஆவென்று இருந்தாள். "சுத்துறவர் இடையில களைச்சு நிப்பாட்டினால், செத்தது ஆரெண்டு தெரியாமல் போயிடுமே?" என்றாள். "ரெண்டு பேர் மாறி மாறிச் சுத்துவினம்" என்றார் அப்பா.

பத்மா வாசித்தாள். யாழ்ப்பாணம் சுழிபுரத்தைப் பிறப்பிடமாகவும், கண்டி குண்டசாலையை வசிப்பிடமாகவும் கொண்ட திருமதி சரோஜினிதேவி சோதிலிங்கம் காலமானார். அன்னார் காலஞ்சென்ற பரமநாதன், லீலாதேவி தம்பதியரின் அன்பு மகளும், சோதிலிங்கத்தின் அன்பு மனைவியும், பத்மாதேவி, காலஞ்சென்ற ஸ்ரீஸ்கந்தராசா ஆகியோரின் அன்புத் தாயாரும் ஆவார்.

அதற்குமேல் கண் நகரவில்லை.

"அப்பா, இந்தச் சொல்…"

"எந்தச் சொல்?"

"தம்பிக்கு முன்னாலை போட்டிருக்கிறது."

"செத்தவைக்கு அதுதானே போடுறது."

"அம்மா இருந்திருந்தால் இதைப் போட விட்டிருக்க மாட்டா."

"அம்மா இல்லையெண்டுதானே அறிவித்தலே எழுதுறம்" என்று அப்பா பேனையை மூடினார். "பன்னிரண்டுக்கு முந்திக் கொழும்பிலை குடுத்தால்தான் பின்னேரம் வாசிப்பாங்கள். ஜவாஹிர்ரை கடைக்குப் போய் போனிலை சொல்லு. ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

பத்மா தாளை நான்காக மடித்துக்கொண்டு இறங்கினாள். சந்தியில் மணல்மூட்டைக்குப் பின்னால் நின்ற ஆமிக்காரப் பொடியன் கையைக் காட்டி மறித்தான். "கொஹாட்டத?" எங்கே போகிறாய் என்று கேட்டான். அவள் அடையாள அட்டையை நீட்டி, "அம்மா நெத்தி உணா" என்று அம்மா செத்ததைச் சிங்களத்தில் சொன்னாள். அவன் அட்டையைத் திறந்தும் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தான். அந்த வயதில்தான் தம்பி போனான்.

அப்பா ராசனைப் போகச்சொன்னதும் இதே கடைப் போனில்தான். இல்லை, வரச்சொன்னது. எட்டு வருடத்துக்கு முந்திய ஆடி மாதம், கொழும்பில் தமிழர் வீடுகளை எரிக்கத் தொடங்கிய நாள். ராசன் கொழும்பில் படித்துக்கொண்டு வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தான். விடியற்காலையில் போன் வந்தது என்று ஜவாஹிர் ஓடிவந்து சொல்ல, மூன்று பேரும் கடைக்கு ஓடினார்கள். றிசீவர் அப்பாவின் கையில். "ஊர் ஒரு மாதிரிக் கிடக்கப்பா. இஞ்சையே நிக்கட்டோ, வரட்டோ?" என்று ராசன் கேட்டது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எந்தப் பக்கம் புகையுது எண்டு கேளுங்கோ. பக்கத்து அறைப் பெடியள் என்ன செய்யினம் எண்டு கேளுங்கோ. ஸ்ரேசனுக்குப் போற வழியிலை சனம் நிக்குதோ? ஒருக்காக் கேளுங்கோவன்!"

"சும்மா இரும். கேக்க என்ன கிடக்கு?" அப்பா றிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். "தம்பி, பஸ்ஸை நம்பாதை. ரெயில் அரசாங்கத்தின்ரை. ரெயிலிலை கைவைக்க மாட்டாங்கள். காலமை ரெயிலை எடு. ஒண்டு பத்துக்குக் கண்டியிலை நிப்பாய்."

முப்பது வருடம் அரசாங்கச் சுற்றறிக்கை வாசித்த மனுசன் வேறென்ன சொல்லுவார்? அரசாங்கத்தின் முத்திரை விழுந்த எதையும் ஒருவனும் தொடமாட்டான் என்று நம்பின தலைமுறை அது. ராசனும் கச்சேரிக்காரரின் மகன்தானே, ரெயிலை எடுத்தான். ரெயில் வந்தது. பிந்தித்தான் வந்தது, ஆனாலும் வந்தது. ராசன் அதில் இல்லை.

அதே பெட்டியில் வந்த புடவைக்கடைக்காரர் ஒருவர் ஒரு மாதம் கழித்துச் சொன்னார்: மண்ணிறத் தோற்பையோடு அந்தப் பொடியன் கண்டிக்கு முந்திய கடுகண்ணாவை ஸ்ரேசனில் இறங்கினான். யாரும் இழுக்கவில்லை, யாரும் துரத்தவில்லை. தானாக எழும்பிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். அதற்குமேல் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

அப்பாவுக்குத் தெரிந்தது. "இறங்கினவனை அடிச்சுப்போட்டாங்கள். அவ்வளவுதான்." மூன்று வருடத்தில் சத்தியக்கடதாசி முடித்து, கையெழுத்து வாங்கி, மரணச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அம்மா அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள்.

"தேதி போட்டிருக்கு. எத்தினை மணிக்கெண்டு போடேல்லையே?"

"அதுக்கு அதிலை இடமில்லை."

"ஏன் இறங்கினவனெண்டு?"

"உமக்கென்ன விசரோ?"

பிறகு ஒவ்வொரு ஆடியிலும் அந்த வீட்டில் ஒரு கூத்து நடக்கும். அப்பா ஐயரைக் கூப்பிட்டு மகனுக்குத் திவசம் கொடுப்பார். அம்மா விடிய எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு, ஐயர் வாசலில் செருப்பைக் கழற்றுமுன் பஸ் ஏறிக் கடுகண்ணாவைக்குப் போய்விடுவாள். அங்கே ஸ்ரேசனடியில் தேத்தண்ணி விற்கிறவள், மரக்கறிக்காரன், கோவில் வாசலில் பூ விற்கும் கிழவி, எல்லோரையும் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விசாரிப்பாள். பின்னேரம் திரும்பி வரும்போது ஒரு புதுக் கதை இருக்கும். தண்ணீர் விடாய்க்கு இறங்கி, ரெயிலை விட்டுவிட்டு, ஒரு லொறியில் ஏறியிருப்பான். ஏதாவதொரு தோட்டத்தில் வேறு பெயரில் கணக்கப்பிள்ளையாக இருப்பான். கலியாணம் கட்டியிருப்பானோ? "அவள் பூசணிக்காய் சமைச்சுக் குடுத்தால் என்ன செய்வான் பிள்ளை? உவன் வாயிலை வைக்கமாட்டானே. அதுக்கு என்ன பொய் சொல்லுவான்?" சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரிப்பாள்.

"அப்ப அவன் இருக்கிறானெண்டு நம்பிறியளோ அம்மா?" என்று பத்மா ஒருநாள் எரிச்சலோடு கேட்டாள்.

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்று அம்மா பஸ் ரிக்கற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "தெரியாமல் இருக்குமட்டும் அவன் எங்கையும் போகலாம்தானே."

பத்மாவுக்கு அது விசர்க்கதையாகப் பட்டது. அப்பாவின் பதிலோடு இருப்பது அவளுக்கும் லேசாக இருந்தது. கேள்வி கேட்கிறவர்களோடு சீவிப்பது களைப்பு. பதிலை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் வேலைக்குப் போகலாம், தாள் திருத்தலாம், நித்திரை கொள்ளலாம்.

ஜவாஹிர் கடையின் பாதிப் பலகையைப் பூட்டி வைத்திருந்தார். விடிய அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேனை எடுத்துக்கொண்டு வந்தவர், தேவைப்படாமல் அப்படியே திரும்பிப் போயிருந்தார்.

"வாங்க தங்கச்சி. பெட்டிஸ் திங்கக்கூட ஒருத்தர் வரல்ல இன்னைக்கு. எல்லாரும் சரோஜினி அக்காவப் பத்தியே கதைக்கிறாங்க" என்றார். "போன நோம்புல வந்து கேட்டாங்க, 'ஜவாஹிர், நோன்பாளிக்குக் கனவுல பசிச்சுச் சாப்பிட்டா நோன்பு முறியுமா?' எண்டு. நான் போய் ஹஸ்ரத்துக்கிட்டக் கேட்டுட்டு வந்து சொன்னேன். எத்தன வருசமா நோன்பு புடிக்கிறேன், எனக்கு அது கேக்கத் தோணலியே!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு இலக்கங்களைச் சுழற்றினார். கொழும்பில் அவருடைய மச்சான் ஹுஸைனுக்குப் புறக்கோட்டையில் கடை. தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நேரே வானொலி நிலையத்துக்குப் போய்க் கொடுத்துவிடுவார். நாலாம் முறை சுற்றியபிறகு லைன் கிடைத்தது. ஜவாஹிர் றிசீவரைத் துடைத்து அவளிடம் கொடுத்துவிட்டு, பிஸ்கட் தகரங்களை அடுக்கத் தொடங்கினார். அடுக்கியிருந்த தகரங்கள்தான்.

பத்மா சொல்லச்சொல்ல ஹுஸைன் உரக்கத் திருப்பிச் சொல்லி எழுதினார். சுழிபுரம் என்பதற்கு எந்த ழ என்று கேட்டார். காலஞ்சென்ற பரமநாதன் என்பதை எழுதினார். லீலாதேவியை எழுதினார். சோதிலிங்கத்தை எழுதினார்.

"பத்மாதேவி…" என்றாள்.

"பத்மாதேவி. அதுக்குப் பொறகு?"

தாளில் அப்பாவின் எழுத்து மணிமணியாக இருந்தது. அந்தச் சொல்லில் மட்டும் மை கொஞ்சம் தடித்திருந்ததோ என்னவோ. ஒருவேளை கையை அழுத்தி எழுதியிருப்பார்.

"அதுக்குப் பொறகு என்ன தங்கச்சி? லைன் போயிடும்."

"ஸ்ரீஸ்கந்தராசா."

"அது மகனா? அவரு இரிக்கிறாரா, மௌத்தா?"

எட்டு வருடமாக இப்படி நேராக ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள், தெரியாதவர்கள் கேட்கமாட்டார்கள். ஜவாஹிரின் கையில் ஒரு தகரம் அந்தரத்தில் நின்றது.

"தெரியாது" என்றாள் பத்மா.

"தெரியாதெண்டா? காலஞ்சென்ற எண்டு போடவா, வேணாமா?"

"பேரை மட்டும் எழுதுங்கோ."

"பேர் மட்டும். சரி. அடுத்தது?"

அடுத்தது நாளைப் பிற்பகல், மகியாவை மயானம், உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும். சொல்லி முடித்து றிசீவரை வைத்தாள். கடை வாங்கில் உட்கார்ந்து, விடியற்காலையிலிருந்து வராத அழுகையை அழுது தீர்த்தாள். ஜவாஹிர் தகரங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பின்னேரம் கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு. அக்கம்பக்கத்துச் சனம் பாயில் இருந்தது. அப்பா கதிரையை வானொலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அறிவித்தலின் பிரதியை முழங்காலில் வைத்துக்கொண்டு, கையில் பென்சிலோடு இருந்தார். வாசிக்க வாசிக்கச் சொல்லுக்குச் சொல் சரி போட்டுக்கொண்டு வந்தார். குழந்தைப்பிள்ளைக்குச் சொல்வதெழுதல் திருத்துகிறாரோ?

"…பத்மாதேவி, ஸ்ரீஸ்கந்தராசா ஆகியோரின் அன்புத் தாயாரும் ஆவார்…"

பென்சில் நின்றது. அறிவிப்பாளர் மகியாவைக்குப் போய், உற்றார் உறவினருக்குப் போய், அடுத்த பிரேதத்துக்கும் போய்விட்டார்.

"வாசிச்சவன் ஒரு சொல்லை விழுங்கிப்போட்டான்" என்றார் அப்பா. "கவனயீனம். டிரெக்டருக்கு எழுதவேணும். காலமையும் ஒருக்கா வாசிப்பாங்கள், அதிலையெண்டாலும் திருத்தச் சொல்லவேணும். பிள்ளை, ஜவாஹிரிட்டை…"

"அவன் விழுங்கேல்லை. நான்தான் சொல்லேல்லை."

பாயில் இருந்தவர்கள் அசையவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்?"

"தெரியாததை என்னெண்டு சொல்லுறது?"

"என்ன தெரியாது? சேட்டிபிக்கற் இருக்கு. அலுமாரியிலை, ரெண்டாம் தட்டிலை, நீலக் கோப்பிலை…"

"அதிலை எத்தினை மணிக்கெண்டு போட்டிருக்கோ?"

அம்மாவின் குரல் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு பத்மாவுக்கே பயமாக இருந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"ஏன் கடுகண்ணாவையிலை இறங்கினவன்? உங்களுக்கு எல்லாம் தெரியுமே, சொல்லுங்கோ. ஒருக்காலெண்டாலும் அங்கை போய் ஆரையும் கேட்டனீங்களோ? அம்மா கேக்கச் சொன்னதெல்லாத்தையும் அண்டைக்குப் போனிலை கேட்டிருந்தால் அவன் அங்கையே நிண்டிருப்பான். ரெயிலிலை கைவைக்க மாட்டாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும். நேற்று அம்மாவுக்கு ஏன் இடக்கை நொந்தது எண்டதும் உங்களுக்குத் தெரியும்."

"டீச்சரம்மா, போதுங்க, பொணம் கெடக்குது" என்று பாலம்மா அவளுடைய தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

  அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கடைசி வரிவரை எல்லாச் சொல்லுக்கும் சரி போட்டு முடித்தார். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஒன்றும் போடவில்லை. தான் சொன்னதில் எது பிழை என்று அன்றிரவு முழுக்க யோசித்தும் பத்மாவுக்கு ஒரு சொல்கூடப் பிழையாகத் தெரியவில்லை. ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. இதையெல்லாம் அம்மா இருக்கும்போது சொல்ல ஏன் வாய் வரவில்லை? அப்போது அவளும் இஞ்சி இடித்துக்கொண்டல்லவா இருந்தாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் முற்றத்துத் தறப்பாளின்கீழ் சனம் நிறைந்துவிட்டது. காலையிலும் வானொலியில் வாசித்தார்கள். அதே மாதிரி, அந்தச் சொல் இல்லாமல். திருத்தச்சொல்லி அப்பா யாரையும் அனுப்பவில்லை. வந்த சிலபேர், "மகன் வெளிநாட்டிலையோ? அறிவிச்சாச்சோ?" என்று பத்மாவிடம் மெதுவாகக் கேட்டார்கள். அவள் தலையை எப்படி ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அவளுக்குரியது இந்த வீட்டுக் கிரியையோடு முடிந்துவிடும். அம்மாவைக் குளிப்பாட்டி, கூறைச்சேலை உடுத்திக் கொண்டுவந்து பந்தலில் கிடத்தினார்கள். கிரியைக்கென்று வந்த வேறொரு ஐயர் கும்பம் வைத்து, அரிசி பரப்பி, இரண்டு மணிக்கு முதல் எடுத்துவிடவேண்டும், பிறகு நேரம் கூடாது என்று அவசரப்படுத்தினார்.

"கருமம் செய்யிறது ஆர்? மகனோ?"

"நான்" என்று அப்பா கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு ஈரவேட்டியோடு வந்தார். நேற்றே சொல்லியிருந்தார், முறையெல்லாம் தனக்குத் தெரியும் என்று. பலகையில் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். சட்டை இல்லாமல் பார்த்தபோதுதான் மனுசன் எவ்வளவு மெலிந்துபோனார் என்று தெரிந்தது. நெஞ்சு மயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஐயர் தர்ப்பை மோதிரத்தை எடுத்து நீட்டினார். "விரலைக் காட்டுங்கோ."

அப்பாவின் கை முழங்காலிலேயே இருந்தது.

"ஐயா, விரல்."

அப்பா வீதியைப் பார்த்தார். சந்திப்பக்கம் ஒரு பஸ் நின்று புறப்பட்டது. யாரும் இறங்கி வரவில்லை. வேலியோரம் வேனோடு நின்ற ஜவாஹிரை அவர் கூப்பிட்டார்.

"ஜவாஹிர், கொழும்பிலையிருந்து வாற காலமை ரெயில் கண்டிக்கு எத்தினை மணிக்கு?"

பறை ஓய்ந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பத்மா அம்மாவின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். கேட்டது அப்பாதானா? ஒன்று பத்து. வாய்ப்பாட்டோடு வாய்ப்பாடாக அவளுக்கும் தம்பிக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எட்டு வருடத்துக்கு முந்தி றிசீவரில் சொன்னதும் அதைத்தான். கூடத்து மணிக்கூட்டில் இப்போது ஒன்றே முக்கால். ரெயில் வந்து அரை மணித்தியாலத்துக்குமேல் ஆகிவிட்டது. வருகிறவன் எவனாக இருந்தாலும் இதற்குள் வாசலுக்கு வந்திருக்கவேண்டும்.

ஜவாஹிர் ஆயுளில் ரெயில் ஏறாத மனுசன். திகைத்துப்போய்ச் சனத்தைப் பார்த்தார், பத்மாவைப் பார்த்தார், வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"ரெண்டு, ரெண்டு பத்துப் போல வரும் சேர்."

சோதிலிங்கம் திருத்துவார் என்று பந்தல் முழுக்கக் காத்திருந்தது. அவர் திருத்தவில்லை.

"அப்ப பஸ் பிடிச்சு இஞ்சை வர ரெண்டே முக்கால் ஆகும்" என்றார். "அதுமட்டும் பொறுப்பம், ஐயர்."

"நேரம் கூடாதெல்லோ ஐயா. ஆரும் வாறதுக்கு இருக்கினமோ?"

அப்பா பலகையோடு கொஞ்சம் அரக்கி, வீதி தெரிகிற மாதிரித் திரும்பி இருந்தார். எட்டு வருடமாக ஒருத்தி கெஞ்சினது இவ்வளவுதான். ஒருக்காப் பார்ப்பமே என்றுதான். அவள் வாய் கட்டி, நெற்றியில் ஒற்றைக் காசோடு கிடக்கும்போதா இது வரவேண்டும்? எழுந்து நின்று, ரெயில் எப்போதோ வந்துவிட்டது என்று சனம் கேட்கக் கத்தவேண்டும்போல பத்மாவுக்கு இருந்தது. நேரத்தை அவளும் திருத்தவில்லை. அம்மாவின் முகத்தில் வந்து குந்திய இலையானை விசிறியால் கலைத்தாள்.

ஐயர் ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தர்ப்பை மோதிரத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார்.